ஷூ கம்பெனி சம்பளம், ஐடி பங்கு... ரெண்டும் ஒரே நேரத்தில் அடிவாங்கினால்? ஆம்பூர், வேலூர் முதலீட்டாளர்கள் தெரிஞ்சிக்க வேண்டியது என்ன?

2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமாக உயர்ந்த நாள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் தோல் மற்றும் காலணி ஏற்றுமதியை நம்பியிருப்பவர்களுக்கு, அடுத்த ஆர்டர் வருமா என்ற கவலை தொடங்கியது.

மூன்று வாரத்துக்குச் சற்று மேல் கழித்து, செப்டம்பர் 19-ல், புதிய எச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்ற உத்தரவில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். செப்டம்பர் 22 திங்கட்கிழமை சந்தை திறந்ததும் இந்திய ஐடி பங்குகள் சரிந்தன.

இரண்டும் தனித்தனி செய்திகள்தான். ஆனால் ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, சேமிப்பை ஐடி பங்குகளில் போட்டு வைத்திருப்பவருக்கு, ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் அடி.

செல்போனிலேயே டீமேட் கணக்கு தொடங்கும் காலம் இது. டெக் பங்கு, வளர்ச்சிப் பங்கு வாங்குவது தப்பா? தப்பில்லை. எவ்வளவு வாங்கணும், எப்போது குறைக்கணும், எந்தப் பணத்தை அதில் போடவே கூடாது என்பதுதான் கேள்வி. விவரமாகப் பார்க்கலாம்.

வளர்ச்சிப் பங்கு என்றால் என்ன?

இன்றைய லாபத்துக்காக இல்லாமல், நாளை வரப்போகும் லாபத்தை நம்பி அதிக விலை கொடுத்து வாங்கப்படும் பங்குதான் வளர்ச்சிப் பங்கு. பெரும்பாலும் டிவிடெண்ட் குறைவாக இருக்கும், அல்லது இருக்காது.

இதை அளக்க உதவுவது பி.இ. விகிதம். ஒரு பங்குக்கு நிறுவனம் ஆண்டுக்கு 10 ரூபாய் லாபம் சம்பாதிக்கிறது, பங்கின் விலை 600 ரூபாய் என்றால் பி.இ. 60. அதாவது, ஒரு ரூபாய் லாபத்துக்கு 60 ரூபாய் கொடுக்கிறீர்கள்.

சிக்கல் இங்கேதான். அடுத்த ஆண்டு லாபம் 15 சதவீதம் கூடி 11.50 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் சந்தை 30 சதவீத வளர்ச்சியை எதிர்பார்த்திருந்தது. ஏமாற்றத்தில் பி.இ. 30 ஆகக் குறைந்தால், விலை 345 ரூபாய். லாபம் கூடியும் பங்கு விலை 42 சதவீதத்துக்கு மேல் விழுந்துவிட்டது!

"கம்பெனி நல்லா தானே போகுது, ஏன் ஷேர் விழுது?" என்று பலரும் கேட்பதற்குப் பதில் இதுதான்.

ஐடி பங்கும் டெக் பங்கும் ஒன்றா?

இல்லை. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'டெக்' என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகை, ஐடி சேவை நிறுவனங்கள். டிசிஎஸ், இன்ஃபோசிஸ், எச்சிஎல் டெக், விப்ரோ போன்றவை. நல்ல லாபம், தொடர்ந்து டிவிடெண்ட். ஆனால் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதியோ, அதற்கு மேலோ வட அமெரிக்க வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது. மீதியில் பெரும்பகுதி ஐரோப்பா.

இரண்டாவது வகை, இணையவழி நுகர்வோர் நிறுவனங்கள். ஜொமேட்டோவை நடத்தும் எடர்னல், பேடிஎம் போன்றவை. இவற்றின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான். ஆனால் பட்டியலிடப்பட்டபோது இரண்டுமே நஷ்டத்தில் இருந்தன.

இந்த இரண்டாவது வகை எவ்வளவு ஆடும் என்பதற்கு 2021-ல் சந்தைக்கு வந்த இந்த இரண்டு பங்குகளே சாட்சி.

ஜொமேட்டோ 2021 ஜூலையில் 76 ரூபாய்க்கு ஐபிஓ வந்தது. முதல் நாளே 100 ரூபாயைத் தாண்டியது. ஓராண்டில், 2022 ஜூலையில், 41 ரூபாய் அளவுக்கு விழுந்தது. பிறகு ஏறி, 2024 டிசம்பரில் 300 ரூபாயைத் தொட்டது.

பேடிஎம் 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வந்தது. முதல் நாளே 27 சதவீதம் சரிந்தது. 2024 ஜனவரி 31-ல் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்த பிறகு, அந்த ஆண்டு மே மாதம் 310 ரூபாய் வரை இறங்கியது.

ஒரே ஆண்டில் வந்த இரண்டு பங்குகள். 2022 ஜூலையில் இரண்டுமே வெளியீட்டு விலைக்குக் கீழேதான் இருந்தன. எது மீளும், எது மேலும் விழும் என்று அப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான், ஒரே பங்கில் மொத்தப் பணத்தையும் போடக் கூடாது என்கிறார்கள்.

நம்ம ஊர் உதாரணம் வேணுமா? சென்னையில் 2010-ல் தொடங்கப்பட்ட ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 36 டாலருக்குப் பட்டியலானது. நூற்றுக்கணக்கான ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆன செய்தி எல்லா சேனலிலும் ஓடியது. அடுத்த ஆண்டே பங்கு 15 டாலருக்குக் கீழே போனது. கம்பெனி மூடப்படவில்லை, விற்பனையும் கூடியது. விலைதான் விழுந்தது.

சரி, இதுக்கும் ஆம்பூருக்கும் என்ன சம்பந்தம்?

முதலீட்டு ஆலோசனைகள் பொதுவாக வயதைக் கேட்கும், ரிஸ்க் எடுப்பீர்களா என்று கேட்கும். "உங்கள் வீட்டுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்வி பல நேரம் விட்டுப்போகிறது. இந்தப் பகுதிக்கு அதுதான் முதல் கேள்வி.

தோல் பொருட்களும் ஷூக்களும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. அங்கே கடைகளில் விற்பனை மந்தமானால், இங்கே டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் ஓவர்டைம் குறையும். அடுத்து ஷிப்ட் குறையும். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட்டுகளுக்குத்தான் முதல் அடி.

ஐடி நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் அதே நாடுகளில்தான். அங்கே பொருளாதாரம் தளர்ந்தால் வங்கிகளும் சில்லறை வணிக நிறுவனங்களும் மென்பொருள் செலவைத் தள்ளிப்போடும். ரூபாய் மதிப்பு குறைந்தால் இரண்டு தொழிலுக்கும் ஓரளவு லாபம். வெளிநாட்டில் தேவை குறைந்தால் இரண்டுக்கும் நஷ்டம். சுருக்கமாகச் சொன்னால், ஷூவும் சாஃப்ட்வேரும் ஒரே காற்றில் ஆடும் இரண்டு கிளைகள்.

மூன்றாவது ஒரு கணக்கும் இருக்கிறது. வேலூரில் விஐடி போன்ற கல்லூரிகளில் படித்துவிட்டு, சென்னையிலும் பெங்களூருவிலும் ஐடி வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியில் ஏராளம். 2025 ஜூலையில் டிசிஎஸ், தனது ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேர் அளவுக்குக் குறைப்பதாக அறிவித்தது நினைவிருக்கும்.

அப்பாவுக்கு ஷூ கம்பெனி. மகனுக்கு ஐடி கம்பெனி. சேமிப்பு முழுக்க ஐடி பங்கு. பார்க்க மூன்று வழி வருமானம் மாதிரி தெரியும். உண்மையில் மூன்றும் ஒரே வாசலைத்தான் பார்த்து நிற்கின்றன.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு நிஃப்டி 50 குறியீடு சுமார் 4 சதவீதம் ஏறியது. அதே ஆண்டில் நிஃப்டி ஐடி குறியீடு சுமார் 26 சதவீதம் இறங்கியது. சந்தை ஏறும்போதும் ஒரு துறை மட்டும் தனியாக விழும்.

முதலில் ஒதுக்க வேண்டிய பணம் எது?

பங்கு வாங்கும் முன்பே, குறைந்தது 6 மாத வீட்டுச் செலவைத் தனியாக வையுங்கள். சேமிப்புக் கணக்கிலோ, நினைத்ததும் எடுக்கக்கூடிய வைப்பிலோ அது இருக்கட்டும். ஆர்டர் நிலையில்லாத ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர்கள் 9 மாதமோ, ஒரு வருடமோ வைப்பது நல்லது.

ஏன் இவ்வளவு? 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. மறுநாள் இரவே நாடு முழுக்க ஊரடங்கு அறிவிப்பு. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வீட்டுச் செலவுக்காக அந்த வாரம் பங்கை விற்றவர்கள், அந்த ஆண்டின் மிகக் குறைந்த விலையில் விற்றார்கள். கையில் காசு இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அதே 2020 நவம்பரில் நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

பங்கில் போடவே கூடாத பணம் எது? மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் கல்யாணச் செலவு, கல்லூரி ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ். நகைக் கடன் வாங்கியோ, சீட்டு எடுத்தோ பங்கு வாங்குவது இன்னும் ஆபத்து. பங்கு விழுந்தாலும் வட்டியும் தவணையும் நிற்காது.

எவ்வளவு போடலாம்? ஒரு கணக்கு

மாதச் சம்பளம் 20,000 ரூபாய். நகை, வீடு சேர்க்காமல் மொத்த சேமிப்பு 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதிரிப் பிரிப்பு இப்படி இருக்கலாம்:

• அவசரத் தேவைக்கு: 1 லட்சம்
• பி.எஃப்., வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு: 2 லட்சம்
• நிஃப்டி 50 போன்ற குறியீட்டு ஃபண்ட்: 1.80 லட்சம்
• வளர்ச்சி மற்றும் டெக் பங்குகள்: 1.20 லட்சம்

பி.எஃப். பணத்தையும் முதலீடாகவே எண்ணுங்கள். 2024-25-க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி. சந்தை ஆடினாலும் அது ஆடாது.

இப்போ டெக் பங்குகள் பாதியாக விழுந்தால் என்ன ஆகும்? 60,000 ரூபாய் நஷ்டம். அதாவது 3 மாதச் சம்பளம். வலிக்கும், ஆனால் தாங்கலாம்.

பங்குக்கான 3 லட்சத்தையும் டெக்கிலேயே போட்டிருந்தால்? 1.50 லட்சம் நஷ்டம். ஏழரை மாதச் சம்பளம். அதே நேரத்தில் கம்பெனியில் வேலையும் இல்லையென்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நஷ்டத்தைச் சதவீதத்தில் பார்க்காமல், இப்படி எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டால், எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம் என்பது உடனே புரியும்.

இந்தக் கணக்கில் எளிமையாக வைத்துக்கொள்ளக்கூடிய மூன்று வரம்புகள்:

• டெக், வளர்ச்சிப் பங்குகள் மொத்த சேமிப்பில் 20 சதவீதத்துக்குள். வீட்டில் ஒருவர் ஐடி வேலையில் இருந்தால் 10 முதல் 15 சதவீதம் போதும்.
• எந்த ஒரு பங்கிலும் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம். மேலே சொன்ன 1.20 லட்சம் என்றால், குறைந்தது 6 பங்குகள்.
• அந்த ஆறும் ஐடி சேவையாகவே இருக்க வேண்டாம். வெளிநாட்டை நம்பியவை பாதி, உள்நாட்டு வாடிக்கையாளரை நம்பியவை பாதி என்று பிரிக்கலாம்.

இன்னொன்று: நிஃப்டி 50 ஃபண்டுக்குள்ளேயே ஐடி பங்குகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கின்றன. அதற்கு மேல் தனியாக ஐடி செக்டார் ஃபண்டும் வாங்கினால், ஒரே பங்கை இரண்டு முறை வாங்கிய மாதிரிதான்.

ஷரியா முறையில் முதலீடு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் வட்டி தவிர்த்து முதலீடு செய்ய விரும்புவோர் அதிகம். அவர்களுக்காக நிஃப்டி 50 ஷரியா குறியீடு இருக்கிறது. டாடா எத்திகல் போன்ற மியூச்சுவல் ஃபண்டுகளும் இருக்கின்றன.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வட்டியை அடிப்படையாகக் கொண்ட வங்கி, நிதி நிறுவனப் பங்குகள் இந்தப் பட்டியலில் வராது. நிஃப்டி 50-ல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பவையே அவைதான். அவற்றை எடுத்துவிட்டால், கடன் குறைவாக உள்ள ஐடி நிறுவனங்களின் எடை தானாகக் கூடிவிடும்.

அதாவது, ஷரியா ஃபண்ட் வாங்கும்போதே கணிசமான ஐடி பங்குகளும் சேர்ந்தே வருகின்றன. எனவே அதற்கு மேல் தனியாக ஐடி பங்கு சேர்க்கும் முன், ஃபண்டின் மாதாந்திரப் பட்டியலில் ஐடி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மருந்து, நுகர்பொருள், வாகனத் துறைகளில் இந்த வடிகட்டலில் தேறும் பங்குகளும் இருக்கின்றன. எது கூடும், எது கூடாது என்பதை உங்கள் மார்க்க அறிஞரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஏறினா விற்கணுமா?

முழுதாக விற்க வேண்டியதில்லை. விகிதத்தைச் சரிசெய்தால் போதும்.

மேலே சொன்ன உதாரணத்தில், 1.20 லட்சம் டெக் பங்குகள் 2 லட்சம் ஆகின்றன. மற்றவை 5 லட்சம். மொத்தம் 7 லட்சத்தில் டெக் இப்போது 28 சதவீதத்துக்கு மேல். மறுபடி 20 சதவீதத்துக்குக் கொண்டுவர 60,000 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

வரி எவ்வளவு? 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி:

• ஒரு வருடத்துக்குள் விற்றால், லாபத்துக்கு 20 சதவீதம்.
• ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம்.

60,000 ரூபாய்க்கு விற்றதில் உண்மையான லாபம் 24,000 ரூபாய்தான். ஒரு வருடம் கடந்திருந்தால் வரி பூஜ்யம். கடக்கவில்லை என்றால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவருக்கு 4,800 ரூபாயும் அதன் மீதான செஸ்ஸும்.

"12 லட்சம் வரை வரியே இல்லைன்னு சொன்னாங்களே?" என்று கேட்கலாம். புதிய வரி முறையில் வரும் அந்தத் தள்ளுபடி, 2025-26 முதல் இந்தப் பங்கு லாபங்களுக்குப் பொருந்தாது. நஷ்டம் வந்திருந்தால், உரிய காலத்துக்குள் கணக்கு தாக்கல் செய்து அதை 8 ஆண்டுகள் வரை அடுத்தடுத்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

விற்க மனமில்லையா? மாதாமாதம் போடும் புதுப் பணத்தை டெக் பக்கம் போடாமல் குறியீட்டு ஃபண்டிலும் வைப்பிலும் போடுங்கள். சில மாதங்களில் விகிதம் தானாகச் சரியாகும்.

விழுந்தா இன்னும் வாங்கணுமா?

'ஆவரேஜ்' பண்ணுவது எல்லா நேரமும் சரியல்ல. 50 சதவீதம் விழுந்த பங்கு, பழைய விலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும்.

2000 மார்ச்சில் உச்சம் தொட்ட அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபருக்குள் 78 சதவீதம் விழுந்தது. பழைய உச்சத்தைத் திரும்பப் பிடித்தது 2015-ல்தான். 15 ஆண்டுகள்! அதுவும் குறியீடு என்பதால் மீண்டது. தனி நிறுவனங்கள் பல காணாமலே போயின.

மேலும் வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். விற்பனை இன்னும் வளர்கிறதா? கடன் கூடுகிறதா? இந்தப் பங்கு ஏற்கெனவே என் வரம்பைத் தொட்டுவிட்டதா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்றால், முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தாலும் வேண்டாம்.

எஃப் அண்ட் ஓ, வாட்ஸ்அப் டிப்ஸ்: உஷார்

மேலே சொன்ன கணக்கெல்லாம் பங்கை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு. எஃப் அண்ட் ஓ வேறு ஆட்டம். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

மாதாமாதம் நிச்சய லாபம் என்ற பேச்சுக்கு வட மாவட்டங்கள் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கின்றன. அதிக வட்டி தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் வசூலித்ததாக, ஆருத்ரா கோல்டு டிரேடிங், வேலூரைச் சேர்ந்த எல்என்எஸ் ஐஎஃப்எஸ் நிறுவனங்கள் மீது 2022-ல் தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். சொந்தக்காரர், கூட வேலை செய்பவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்தவர்கள் மூலம்தான் இப்படிப்பட்ட திட்டங்கள் வீட்டுக்குள் வருகின்றன.

இப்போது அதே பேச்சு 'ஏஐ டிரேடிங்', 'ஐபிஓ உறுதி ஒதுக்கீடு' என்ற பெயரில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுற்றுகிறது. செய்ய வேண்டியவை:

• ஆலோசகரின் பெயரும் பதிவு எண்ணும் செபி இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.
• தனிநபர் கணக்குக்கோ, தனிநபர் யுபிஐ-க்கோ பணம் அனுப்பாதீர்கள். புரோக்கரின் யுபிஐ முகவரி உண்மையானதா என்பதை 'செபி செக்' வசதியில் சரிபார்க்கலாம்.
• வாங்கிய பங்கு டீமேட் கணக்கில் வந்ததா என்று மறுநாள் பாருங்கள். இந்தியாவில் இப்போது ஒரு வேலை நாளில் செட்டில்மென்ட் முடிந்துவிடும்.
• செபி உதவி எண் 1800 266 7575. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை

தினமும் விலை பார்ப்பதால் பயன் இல்லை. காலாண்டு முடிவுகள் வந்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

• டெக் பங்குகள் மொத்தத்தில் எத்தனை சதவீதம்? 25-ஐத் தாண்டினால் குறையுங்கள்.
• அவசரப் பணம் 6 மாதச் செலவுக்கு இன்னும் போதுமா?
• கம்பெனியில் ஆர்டர் நிலவரம் எப்படி? ஓவர்டைம் நின்றுவிட்டால், புதிதாகப் பங்கு வாங்குவதை நிறுத்திவிட்டு அவசரப் பணத்தைக் கூட்டுங்கள்.
• டீமேட் கணக்கில் நாமினி பெயர் இருக்கிறதா? வீட்டில் ஒருவருக்காவது இந்தக் கணக்கு பற்றித் தெரியுமா?
• பங்கு மதிப்பு 4 லட்சத்துக்குள் இருந்தால், அடிப்படைச் சேவை டீமேட் கணக்குக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இல்லை. உங்களிடம் கட்டணம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள்.

இதில் மூன்றாவது கேள்விக்கான பதில் எந்த ஆப்பிலும் கிடைக்காது. ஆனால் பேக்கிங் பிரிவில் நிற்பவருக்கு, கன்டெய்னர் குறைந்ததா கூடியதா என்பது செய்தி வருவதற்கு முன்பே தெரியும். அந்தத் தகவலை வைத்துப் பங்கு வாங்குவதைவிட, வீட்டுச் செலவுக்கான பணத்தை முதலில் பத்திரப்படுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

(பொறுப்புத் துறப்பு: இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. குறிப்பிட்ட எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைக்கவில்லை. முதலீட்டு முடிவு எடுக்கும் முன் செபியில் பதிவுபெற்ற ஆலோசகரை அணுகவும்.)